ரத்து என்றால் ரத்துத்தான் சேர்

போன கிழமை திருகோணமலையில் ஒரு ரீச்சருக்கு நடந்தது இது. அவவின் இடமாற்றக் கடிதத்தை மாகாண மேல் நீதிமன்றம் ரத்துச் செய்தாயிற்று. தீர்ப்பின் உறுதிப்படுத்திய பிரதியோடு ரீச்சர் பழைய பாடசாலைக்குப் போனால், வரவு இடாப்பில் அவவின் பெயருக்கு மேல் சிவப்புக் கோடு. "தீர்ப்புச் சரி ரீச்சர், ஆனா மேலிடத்தில இருந்து புதுக் கடிதம் வரவேணும்" என்றார்கள் அங்கே.

எதற்குப் புதுக் கடிதம்? செர்ஷியோராரி, அதாவது சட்டத்துக்கு மாறான முடிவை அழிக்கும் நீதிமன்ற எழுத்தாணை; அதனால் ரத்தான முடிவு தீர்ப்பு நாளில் செத்ததல்ல, கையெழுத்து வைத்த நாளிலிருந்தே உயிரில்லாதது. இடமாற்றமே நடக்கவில்லை சேர். நடக்காத இடமாற்றத்திலிருந்து திரும்பி வர ஆருக்கும் கடிதம் தேவையில்லை. பழைய நியமனம் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

"அப்படியென்றால் கிடைத்த அன்றே கிழித்துப் போட்டிருக்கலாமே" என்று ஒரு புத்திசாலி கேட்பார். கூடாது. செல்லாதென்று நீதிமன்றம் சொல்லும்வரை அதைச் செல்லுபடியான கடிதமாகத்தான் எடுப்பார்கள். போகாமல் வீட்டிலிருந்தால் பதவியைக் கைவிட்டதாக அறிவித்தல் வரும். மனுவோடு இடைக்காலத் தடையுத்தரவும் கேட்பது அதற்காகத்தான்.

"பழையதையெல்லாம் செல்லாதென்றால் நிர்வாகம் குழம்பிவிடும்" என்கிறார்கள். இதை வேறு ஊர்க்காரர் சொல்லலாம், திருகோணமலைக்காரர் சொல்லலாமா? 1988 செப்டெம்பரில் சனாதிபதி ஜே.ஆர். ஜயவர்த்தன வடக்கையும் கிழக்கையும் இணைத்த பிரகடனத்தை, 2006 ஒக்டோபர் 16இல் உயர் நீதிமன்றம் செல்லாதென்றது. மாகாண சபைகள் சட்டம் போட்ட நிபந்தனையை அவசரகால ஒழுங்குவிதியால் மாற்ற அவருக்கு அதிகாரமில்லை என்பது காரணம். அந்த 18 வருடமும், இணைந்த மாகாணத்தின் தலைநகராயிருந்த இந்த ஊரிலிருந்து கொடுத்த சம்பளத்தை ஆராவது திருப்பிக் கேட்டார்களா? பதவியிலிருந்தவர் நல்லெண்ணத்தோடு செய்த வேலையைச் சட்டம் காப்பாற்றும். 2007 சனவரி 1இல் இரண்டு மாகாணம். ஒரு மாகாணத்தையே இரண்டரை மாதத்தில் பிரித்த அரசாங்கத்துக்கு, இடாப்பில் ஒரு பெயர் எழுத மேலிடத்து அனுமதி வேணுமாம்!

"திரும்பவும் மாற்றலாம்தானே?" மாற்றலாம், மறுக்கவில்லை. விளக்கம் கேட்காமல் மாற்றியதால் ரத்தானது என்றால், கேட்டுவிட்டு மாற்றட்டும். அதிகாரமில்லாதவர் கையெழுத்து வைத்ததால் ரத்தானது என்றால், அதே ஆள் திரும்பவும் வைக்கமுடியாது. எதுவானாலும் புதிய திகதியில் புதிய முடிவு. செத்த கடிதத்துக்குப் புதுச் சட்டை போட்டுக் கொண்டுவரக்கூடாது.

"மேல்முறையீடு செய்யப்போறம்" என்பதும் பதில் இல்லை. மேல்முறையீட்டுக்குப் போவதே தீர்ப்புக்குத் தடையுத்தரவாகிவிடுமா?

சட்டத்தரணிமாருக்கும் ஒன்று. மனுவின் வேண்டுதலில் ரத்தை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். "கடமையாற்ற அனுமதி, பிடித்த சம்பளத்தைக் கொடு" என்று மண்டாமுஸும் சேர்த்துக் கேளுங்கள். ரத்து என்பது அழிப்பது, செய்ய வைப்பது மண்டாமுஸ். தீர்ப்பு வந்ததும் உறுதிப்படுத்திய பிரதியை அதிபர், வலயப் பணிப்பாளர், மாகாணக் கல்விச் செயலாளர் மூவருக்கும் பதிவுத்தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். 2024ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் கீழ் போவதென்றால், "எனக்குத் தெரியாது" என்ற வாயை அடைக்கப்போவது அந்தத் துண்டுதான்.

ரீச்சருக்காவது மாகாணப் பாடசாலை, வழக்கு ஊருக்குள் முடிந்தது. மத்திய அரசின் கீழுள்ள தேசிய பாடசாலை என்றால் கொழும்பிலுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றம். காணி என்றாலும் கொழும்புதான். அரச காணியிலிருந்து வெளியேறச் சொல்லும் அறிவித்தலில் மாகாண மேல் நீதிமன்றம் கை வைக்கமுடியாதென்று 2013 செப்டெம்பரில் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1979இன் 7ஆம் இலக்க அரச காணி மீட்புச் சட்டப்படி நீதவான் முன்னால் செல்லுபடியான அனுமதிப்பத்திரத்தையோ எழுத்து அதிகாரத்தையோ காட்டலாம், பாட்டன் வைத்த பனையைக் காட்டமுடியாது. அறிவித்தல் இங்கே குச்சவெளி வேலியில், அதை ரத்துச் செய்யும் கதிரை கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்தில். இரவு ரயிலில் போய், தவணை தவணையாக அலைந்து அந்தச் சனம் ஒரு ரத்தை வாங்கி வரும். வந்தால் இங்கே ஒரு மேசையிலிருந்து ஒருவர் நிமிர்ந்தும் பாராமல் கேட்பார்: "புதுக் கடிதம் எங்க?"