மீதி எங்கே?

படத்தின் ஓரத்தை வெட்டும் அதிகாரத்தைத் தொலைக்காட்சிப் பெட்டிக்கு யார் கொடுத்தது? நேற்றிலிருந்து இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

சங்கத்தின் ஆண்டுக் கணக்கு. நான் பொருளாளர். மடிக்கணினியில் எச்டிஎம்ஐ வயரைச் செருகினேன். புதுத் தொலைக்காட்சியில் வரவு வந்தது, செலவு வந்தது, வலது ஓரத்தில் இருக்க வேண்டிய 'மீதி' மட்டும் வரவில்லை.

"தம்பி, மீதி எங்கே?" என்றார் முன்கதிரையில் இருந்த ஓய்வுபெற்ற மாஸ்டர்.

"திரைக்கு வெளியே போய்விட்டது, மாஸ்டர்."

"போகும், போகும்."

மண்டபம் சிரித்தது. எனக்கு வியர்த்தது. படத்தின் புள்ளிக் கணக்கான ரெசொலூஷன் 1920×1080, பக்கத்தில் 'பரிந்துரைக்கப்பட்டது' என்ற நற்சான்றிதழ் வேறு. 1280×720க்கு இறக்கினேன். எழுத்து பூசணிக்காயாகப் பெருத்தது, மீதியைக் காணோம். 1366×768 வைத்தேன். மங்கல்தான் மிச்சம். பின்னாலிருந்து நிபுணர்கள் எழுந்தார்கள். அணைத்துப் போடு என்றார் ஒருவர். வைரஸ் என்றார் இன்னொருவர். வைரஸுக்கு மீதிமேல் மட்டும் என்ன பகை?

மடிக்கணினி பாவம், முழுப் படத்தையும்தான் அனுப்பியது. அந்தக் காலக் குழாய்த் தொலைக்காட்சிகளில் படத்தின் விளிம்பு கோணல்மாணலாக விழும் என்று, படத்தைச் சற்றுப் பெருப்பித்து ஓரத்தை மறைத்தார்கள். ஓவர்ஸ்கான் என்பது அதுதான். குழாய் ஒழிந்து தட்டைத் திரை வந்த பிறகும் இந்தப் பெட்டிகள் பரம்பரை வழக்கத்தை விடவில்லை. அதை நிறுத்தும் தெரிவை ஒரு நிறுவனம் 'ஜஸ்ட் ஸ்கான்' என்கிறது, மற்றொன்று 'ஸ்கிரீன் ஃபிட்' என்கிறது. எங்கள் பெட்டியில் அது சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது. வயர் செருகிய உள்ளீட்டின் பெயரை 'பிசி', அதாவது கணினி, என்று மாற்றினால்தான் உயிர் வருமாம்!

மாற்றலாம் என்று பார்த்தால் ரிமோட் பாதியில் படுத்துவிட்டது. நல்ல பற்றரியைக் கழற்றிச் சுவர்க் கடிகாரத்துக்குப் போட்டுவிட்டு, கடிகாரத்தின் பழையதை ரிமோட்டில் திணித்திருந்தார்கள். கதிரையில் ஏறிக் கடிகாரத்தை இறக்கி, பற்றரியை உருவி, மெனுவுக்குள் மெனுவாக நுழைந்து, பெயரை மாற்றினேன். மீதி வந்தது. 1,140 ரூபாய்.

"இதற்காகவா இவ்வளவு பாடு?" என்றார் மாஸ்டர். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

வெளியே வந்தால், சைக்கிள் கூடையில் விட்டிருந்த பொன்னாங்காணிக் கட்டைக் கோட்டைப் பக்கத்து மான் ஒன்று மென்றுகொண்டிருக்கிறது. மணியடித்தேன். திரும்பிப் பார்த்துவிட்டு மீண்டும் குனிந்துகொண்டது. இந்தத் திருகோணமலையில் ஒரு பிடி கீரையை வீடுவரை கொண்டுபோய்ச் சேர்க்க மனிதனுக்கு வழியே கிடையாதா?