கோட்டுப் பையே இல்லாதவன் என்ன செய்வது?

மேஜிக் பழகுகிறவன் பழைய வித்தைகளில் ஐம்பதாவது வித்தையாவது கைவந்த பிறகே சொந்தமாக யோசிக்க வேண்டும் என்று கட்டுரையில் சொல்லியிருக்கிறீர்கள். பாதிதான் ஒத்துக்கொள்வேன்.

நான் மியான்மரில் யாங்கோன்வாசி. மேஜிக் பழக ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகிறது. வீடியோவில் சொல்லித் தருகிறவர்கள் நாணயத்தைக் கோட்டுப் பைக்குள் நழுவ விடுகிறார்கள். இங்கே கட்டுவது லுங்கி. கடைகளில் புழங்குவதோ கியாட் நோட்டு. நாணயத்தை எடுத்தாலே அதில் ஏதோ இருக்கிறது என்று பார்ப்பார்கள். வேறு வழியில்லாமல்தான் யோசித்தேன்.

டீக்கடை மேசையில் வெறும் தேநீருக்கென்று கைப்பிடியில்லாத சின்னக் கிண்ணங்கள் இருக்குமே, அதில் மூன்று. வெற்றிலைக் கடைப் பாக்கு மூன்று. கவிழ்த்த செப்புகளுக்கு அடியில் உருண்டைகளை மறைத்தும் வரவழைத்தும் காட்டும் நம் செப்படி வித்தைதான், செப்புக்குப் பதில் கிண்ணம், உருண்டைக்குப் பதில் பாக்கு. அந்த வித்தையில் கடைசியில் எலுமிச்சம்பழம் வர வேண்டும். அது இந்தக் கிண்ணத்துக்குள் அடங்காது. காடை முட்டை அடங்கியது! ஒளித்து வைக்க லுங்கி மடிப்பு. முதல் நாள் அரைவேக்காட்டு முட்டை இடுப்பிலேயே நசுங்கி மானம் போனது. அப்புறம் நன்றாக வேகவைத்துக் கொண்டு போனேன். பரிமாறும் பையன் வாயைப் பிளந்து பார்த்தான். பில்லில் அந்த முட்டைக்கும் சேர்த்துக் காசு போட்டான், அது வேறு கதை.

ஆனால் கையசைவு பழசுதான். உள்ளங்கையில் மறைப்பதற்கே கண்ணாடி முன் ஆறு மாதம் ஆனது. இப்போது மடித்த வெற்றிலைக்குள்ளிருந்து நோட்டை வரவழைக்கப் பார்க்கிறேன். சுண்ணாம்புக் கறைதான் காட்டிக்கொடுக்கிறது.