நினைவகம் அழகாக இருக்கிறது, சண்டை எங்கே?

நியூயார்க்கில், கிரீன்விச் வில்லேஜில், எய்ட்ஸ் நினைவகம் ஒன்று இருக்கிறது. 2016 டிசம்பர் 1 அன்று திறந்தார்கள். 18 அடி உயர வெள்ளை எஃகுப் பந்தல், தரைக்கல்லில் வால்ட் விட்மனின் கவிதை வரிகள். அந்த நகரில் எய்ட்ஸுக்குப் பலியான 1 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கான இடம். படத்தைப் பார்த்தாலே மனசு அடங்கிவிடும். எனக்கு உறுத்துவதே அதுதான்.

எதிரே இருந்த செயின்ட் வின்சென்ட் மருத்துவமனை 1984லேயே எய்ட்ஸ் வார்டு திறந்தது. நோயாளியின் சாப்பாட்டுத் தட்டை அறை வாசலிலேயே வைத்துவிட்டு ஊழியர்கள் ஓடிய காலம் அது. 2010ல் மருத்துவமனையை மூடினார்கள். இப்போது அங்கே பணக்காரர்களின் அடுக்குமாடி வீடுகள். (வேறென்ன வரும்?) எதிரில் இந்த முக்கோண மனையில் நினைவகம் வந்ததுகூட உள்ளூர்க்காரர்கள் 2011லிருந்து விடாமல் கேட்டதால்தான்.

ஆனால் அந்தப் பகுதியில் நடந்தது வெறும் துக்கமா? சில தெருக்கள் தள்ளித்தான் 1987 மார்ச்சில் 'ஆக்ட் அப்' என்ற எய்ட்ஸ் போராட்ட இயக்கம் பிறந்தது. ஏ.இசட்.டி. என்ற எய்ட்ஸ் மருந்து அந்த வருஷம் சந்தைக்கு வந்தபோது ஒரு ஆளுக்கு ஆண்டுச் செலவு சுமார் 10,000 டாலர். 1989 செப்டம்பரில் ஆக்ட் அப்காரர்கள் சிலர் அந்த விலையை எதிர்த்து நியூயார்க் பங்குச்சந்தைக்குள் நுழைந்து, மாடத்தில் தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டு, வர்த்தகம் தொடங்கும் மணியே கேட்காதபடி ஹாரன் அடித்தார்கள். சில நாட்களில் மருந்தை விற்ற பரோஸ் வெல்கம் கம்பெனி விலையை 20 சதவீதம் குறைத்தது. சாகப்போகிறோம் என்று தெரிந்தவர்களும் அந்த இயக்கத்தில் இருந்தார்கள். அவர்களுக்கு மௌன அஞ்சலி மட்டும் போதுமா?

எய்ட்ஸ் குயில்ட் என்ற ஒட்டுத்துணிப் போர்வை எனக்கு ஏன் உசத்தி என்றால், அது கேள்வி கேட்டது. எய்ட்ஸில் இறந்தவர்களின் நினைவாகத் தைத்த ஒவ்வொரு துண்டும் 3 அடிக்கு 6 அடி, ஒரு புதைகுழியின் அளவு. பெற்றவர்களும் காதலர்களும் நண்பர்களும் தைத்த 1,920 துண்டுகளை 1987 அக்டோபர் 11 அன்று வாஷிங்டனில், அரசாங்கத்தின் கண்ணெதிரே விரித்தார்கள். அதுவும் போதாது என்றவர்கள் உண்டு. 1992 அக்டோபரில் குயில்ட் மறுபடி விரிக்கப்பட்டிருந்தபோதே, ஆக்ட் அப்காரர்கள் தங்கள் அன்புக்குரியவர்களின் அஸ்தியை வேலிக்கு மேலாக வெள்ளை மாளிகைப் புல்வெளியில் வீசினார்கள்.

"இளைப்பாற வரும் இடத்தில் எதற்குப் பழைய சண்டை?" என்று கேட்பார்கள். இளைப்பாறட்டும், பிள்ளைகள் விளையாடட்டும். ஆனால் விட்மனுக்குப் பக்கத்தில் ஒரு கல்லிலாவது அந்த மருந்தின் விலையைப் பொறித்திருக்கலாம். விற்ற கம்பெனியின் பெயரையும், குறைக்க வைத்தவர்கள் யார் என்பதையும் சேர்த்து.