வாடகை மட்டுமல்ல, சத்தத்தையும் விசாரியுங்கள்

சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் லிட்டில் இந்தியா பக்கமே வீடு பார்ப்பது நல்லது என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தண்டையார்பேட்டையில் ராத்திரி முழுக்க கண்டெய்னர் லாரிச் சத்தம் கேட்டே வளர்ந்தவன் என் தம்பி. போகிற ஊரிலாவது நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்று ஆசைப்பட்டான். முதலில் லிட்டில் இந்தியாவிலேயே தேக்கா பக்கம் ஓர் அறை எடுத்தான். வாடகை அதிகம், ஞாயிற்றுக்கிழமை ஆனால் தெருவில் கால் வைக்க முடியாத கூட்டம்.

அப்புறம் சிங்கப்பூரின் வடகிழக்கில் இருக்கும் செங்காங்குக்கு மாறினான். வாடகை குறைந்தது. வடகிழக்கு ரயில் பாதை நேராக லிட்டில் இந்தியாவுக்கே போவதால் முருங்கைக்காய், கறிவேப்பிலைக்கும் கவலையில்லை. ஆனால் பாய லேபார் விமானத் தளத்துப் போர் விமானங்கள் பகலில் தலைக்கு மேல் இரைந்துகொண்டு போகும் என்று யாருமே சொல்லவில்லை. அவனுக்குப் பகல் வேலை, சமாளித்துவிட்டான். இரவு ஷிப்ட் பார்ப்பவர்கள் என்ன செய்வார்கள்?

சிங்கப்பூரில் அரசு அடுக்குமாடி வீடுகளை 6 மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடக் கூடாது. அதனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் பகலில் ஒருமுறை, ராத்திரி பத்து மணிக்கு ஒருமுறை அந்தப் பக்கம் போய் நின்று பாருங்கள். அறை மட்டும் எடுப்பவர்கள் சமைக்க விடுவார்களா என்றும் கேளுங்கள். தம்பியின் முதல் அறையில் விடவில்லை. அவன் சாப்பாட்டை நினைத்தே அம்மா இங்கே சரியாகச் சாப்பிடவில்லை.