அந்த மாணவி கேட்டது சரியான கேள்வி

சேலத்தில் வெப் பக்கம் உருவாக்குவது பற்றிச் சனிக்கிழமை நடந்த கூட்டத்தைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டீர்கள், நான் முழுதாக மறுபடி விவரிக்கவில்லை. "பி டேக்குக்குள் டிவ் வைத்தேன். டிவ்வின் டிஸ்ப்ளேயை இன்லைன் என்று மாற்றியும் பத்தி உடைகிறது, ஏன்?" என்று அங்கே ஒரு மாணவி கேட்டார். (டேக் என்பது பக்கத்தின் பகுதிகளைக் குறிக்கும் அடையாளம். பி பத்திக்கான டேக், டிவ் எதையும் அடைக்கும் பெட்டி. பிளாக் என்றால் தனி வரியில் நிற்பது, இன்லைன் என்றால் வரிக்குள்ளேயே எழுத்தோடு ஓடுவது. இதில் எது என்று சொல்வது டிஸ்ப்ளே.) "இன்னுமா பிளாக், இன்லைன் எல்லாம் படிக்கிறீர்கள்?" என்று மேடையில் இருந்தவர் சிரித்தார். அரங்கமும் சேர்ந்து சிரித்தது. எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

பதில் ஒரு நிமிடத்தில் சொல்லக்கூடியது. டிஸ்ப்ளே, பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ்ஸின் வேலை. திரையில் எப்படித் தெரிய வேண்டும் என்பதை மட்டுமே மாற்றும். எந்த டேக்குக்குள் எந்த டேக் வரலாம் என்பது பக்கத்தின் கட்டமைப்பை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லின் விதி. பத்தி திறந்திருக்கும்போது டிவ் வந்தால், பிரவுசர் பத்தியை அந்த இடத்திலேயே மூடிவிடும். அதைச் சிஎஸ்எஸ்ஸால் தடுக்க முடியாது.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வியாபாரம் செய்யும் நண்பரின் வெப் பக்கத்தைச் சரிசெய்யப் போயிருந்தேன். விலைப் பட்டியலுக்கு மேலே இருந்த வரிகள் சாம்பல் நிறம், கீழே இருந்த வரி மட்டும் கறுப்பு. முன்பு செய்துகொடுத்தவர் சிஎஸ்எஸ்ஸில் வரிக்கு வரி இம்பார்ட்டண்ட் (மற்றதை விட இதற்கே முன்னுரிமை என்ற குறிப்பு) போட்டுப் பார்த்திருந்தார். பக்கத்தின் உள்ளமைப்பைக் காட்டும் பிரவுசர் இன்ஸ்பெக்டரைத் திறந்ததும் விஷயம் தெரிந்தது. பி டேக்குக்குள் பட்டியலுக்கான யூஎல் டேக்கை வைத்திருந்தார். அவர் எழுதியது ஒரே பத்தி. பிரவுசரோ பட்டியலுக்கு முன்பே பத்தியை முடித்திருந்தது. கடைசி வரி பத்திக்கு வெளியே அநாதையாகக் கிடந்தது. மூடும் டேக்கிலிருந்து வெற்றுப் பத்தி ஒன்று முளைத்திருந்தது. இந்த விதி தெரியாதவர் விடிய விடிய நிறத்தை மாற்றிக்கொண்டுதான் இருப்பார்.

"எச்டிஎம்எல்5 அந்தப் பிரிவையே எடுத்துவிட்டதே" என்பீர்கள். உண்மைதான். 1999இல் வந்த எச்டிஎம்எல் 4.01 பிளாக், இன்லைன் என்று பிரித்தது. 2014இல் வெப் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி பரிந்துரைத்த எச்டிஎம்எல்5 ஃப்ளோ (பக்கத்தின் உடலில் வரும் பெரும்பாலானவை), ஃப்ரேசிங் (வரிக்குள் வரும் எழுத்தும் அதைக் குறிக்கும் டேக்குகளும்) என்று வகைகளை மாற்றி அடுக்கியது. இணைப்புக்கான ஏ டேக்குக்குள் டிவ் வைக்கவும் வழிவிட்டது. பி டேக்கில் என்ன மாறியது? ஒன்றும் இல்லை. இன்றும் ஃப்ரேசிங் வகை மட்டுமே உள்ளே வரலாம். சிஎஸ்எஸ்ஸில் பிளாக்கும் இன்லைனும் அப்படியேதான் இருக்கின்றன. வரிக்குள் ஓடும் ஸ்பான் டேக்குக்கு அகலம் கொடுத்தால் ஏன் எடுபடவில்லை என்று ஒரு பிள்ளை கேட்டால், அது இன்லைன் என்பதைத் தவிர வேறு என்ன சொல்வீர்கள்? ஃப்ரேம்வொர்க் (பக்கம் கட்ட உதவும் ஆயத்தக் கருவி) பார்த்துக்கொள்ளும் என்பவர்களுக்கு: பத்திக்குள் டிவ் வைத்தால், அப்படிப் பலரும் பயன்படுத்தும் ரியாக்ட்டே எச்சரிக்கிறது.

என்னை வருத்துவது வேறு. அந்தப் பெண் ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி, காலை பஸ்ஸில் வந்தவர். ஓமலூரிலிருந்தும் ஆத்தூரிலிருந்தும் அப்படித்தான் வருகிறார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளை அடிப்படையைக் கேட்டால் அது பின்தங்கல். பெருநகரத்தில் அதே கேள்வியைக் கேட்டால் ஆழம். இந்தப் பாகுபாட்டைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டேன்.

என்னைப் பற்றி, வகுப்பு நடத்துகிறவன், வியாபாரத்துக்காகப் பேசுகிறான் என்று ஒருவர் எழுதியிருந்தார். படித்ததும் வலித்தது. இந்தப் பாடத்துக்கு நான் யாரிடமும் காசு வாங்கியதில்லை. ஐந்து ரோடு பக்கம் இருக்கும் என் அறைக்கு ஞாயிறு காலை யார் வேண்டுமானாலும் வரலாம். லேப்டாப் இல்லாதவர்கள் என்னுடையதிலேயே செய்து பார்க்கலாம்.