மஞ்சள் நிறம் மறைவது தேர்வுத்திறனுக்குச் சான்றாகாது

4-நைட்ரோபீனால் கரைசலின் மஞ்சள் நிறம் சில நிமிடங்களில் மறைந்துவிட்டதால், அதில் வினையூக்கியாகச் சேர்த்த தங்க நானோ துகள்கள் மூலக்கூறின் பிற தொகுதிகளை விட்டு நைட்ரோ தொகுதியை (NO₂) மட்டும் தேர்ந்து ஹைட்ரஜனேற்றும் என்று கூறப்படுவதற்கு ஒரு திருத்தம் தேவை. அச்சோதனையில் ஒடுக்கியாக (எலக்ட்ரான் அளித்து நைட்ரோவை மாற்றும் பொருளாக) சேர்க்கப்படுவது ஹைட்ரஜன் வாயு அன்று, மிகையளவு சோடியம் போரோஹைட்ரைடு; மஞ்சள் நிறத்துக்குக் காரணமான, 400 நானோமீட்டர் அலைநீளத்தின் அருகே நிகழும் ஒளி உட்கவர்தல் குறைவதிலிருந்து நாம் அறிவது வினைவேகத்தை மட்டுமே. எளிதில் ஒடுங்கக்கூடிய வேறு தொகுதியே இல்லாத மூலக்கூறில் தேர்வுத்திறனை (ஒரு தொகுதியை மட்டும் தேர்ந்து மாற்றும் திறனை) எவ்வாறு அளக்க முடியும்?

அதற்கு உரிய சோதனைப் பொருள், நைட்ரோவுடன் வினைல் தொகுதியும் (கார்பன்-கார்பன் இரட்டைப் பிணைப்பு) கொண்ட 3-நைட்ரோஸ்டைரீன் போன்றது. வழக்கமான பிளாட்டினம், பலேடியம் வினையூக்கிகள் அதன் வினைல் இரட்டைப் பிணைப்பையும் சேர்த்தே ஹைட்ரஜனேற்றிவிடும் நிலையில், டைட்டானியம் டைஆக்சைடின் மீது பதிந்த தங்கத் துகள்கள் அப்பிணைப்பைப் பெரும்பாலும் தீண்டாமல் நைட்ரோவை அமீனாக மாற்றுவதை 2006-இல் வேதியியலாளர்கள் கோர்மாவும் செர்னாவும் காட்டினர். (அங்கும் தங்கம் தனித்துச் செயல்படவில்லை, துகள்களைத் தாங்கும் டைட்டானியம் டைஆக்சைடின் பங்கு பெரிது.) மேலும், நைட்ரோ அமீனாக மாறும் வழியில் தோன்றும் இடைவிளைபொருளான ஹைட்ராக்சிலமீன் தேங்கினால், நைட்ரோ முழுவதும் தீர்ந்த பின்னும் அமீன் குறைவாகவே கிடைத்திருக்கலாம். ஆகவே விளைபொருள்களை நிறப்பிரிகை முறையில் பிரித்து அளந்த முடிவுகள் இல்லாமல் அக்கூற்றை ஏற்பதற்கில்லை.