அப்பாவைப் பற்றி எழுதியது நான்தான்

ஞாயிற்றுக்கிழமை பதிவுக்குக் கீழே நடந்த கூத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பார்க்காதவர்கள் இப்போது போய்த் தேடவும் வேண்டாம், பாதிப் பேர் கமெண்டை அழித்துவிட்டார்கள். விஷயம் இதுதான்: சாத்தூர் பேனா நிப்பு செய்த அப்பாவைப் பற்றி நான் முகநூலில் போட்ட பதிவை ஏஐ, அதாவது செயற்கை நுண்ணறிவு மெஷின், எழுதியது என்றார்கள். "அக்கா, எந்த ஏஐ? பிராம்ப்ட் குடுங்க, எங்க அப்பாவுக்கும் ஒண்ணு எழுதணும்" என்று கேட்ட தம்பி மட்டும் இன்னும் அழிக்கவில்லை. அதற்கு விழுந்த சிரிப்புப் பொம்மைகளும் அப்படியே இருக்கின்றன. 46. ஆமாம், உட்கார்ந்து எண்ணினேன்.

அதை எழுதியது நான். இரண்டு ராத்திரி, கடை ஷட்டரை இறக்கிவிட்டு, துணி வெட்டுகிற மேஜையில் உட்கார்ந்து போனில் ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதினேன். அப்பாவின் நினைவு நாளுக்கு எழுதினேன். அவருடைய கைவிரலில் மெருகுப் பொடி ஏறி நகக்கண் கறுத்திருந்ததை எந்த மெஷினும் பார்த்ததில்லை.

சரி, நீ ஏஐ பயன்படுத்துவதே இல்லையா என்றால், பயன்படுத்துகிறேன். தினமும் பயன்படுத்துகிறேன். ஒளித்து வைக்கவே இல்லையே! போன வருஷம் அம்மாவின் கண்புரை ஆபரேஷன் பணம் வந்த கதையை நானேதான் இங்கே எழுதினேன். "சூப்பர் அக்கா", "கலக்கிட்டீங்க" என்று அன்றைக்குக் கைதட்டியவர்களில் மூன்று பேர் இந்த 46-இல் இருக்கிறார்கள்.

அந்தக் கதையை இன்னொரு தடவை சொல்கிறேன், ஏனென்றால் அதைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. 32,000 ரூபாய் க்ளெய்ம். இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து இங்கிலீஷில் மூன்று பக்கக் கடிதம் வந்தது. கடைசி வரியில் முடியாது என்று எழுதியிருக்கிறது, அது மட்டும் எனக்குப் புரிந்தது. ஏன் முடியாது என்பது புரியவில்லை. பாலிசி போட்டுவிட்ட ஏஜெண்ட் போனை எடுக்கவில்லை. எனக்கு இங்கிலீஷ் பில் படிக்கத் தெரியும், பஸ் போர்டு படிக்கத் தெரியும். கம்பெனிக்காரன் இங்கிலீஷ் வேறு. ராத்திரி பத்தரை மணிக்கு அந்த மூன்று பக்கத்தையும் பாலிசியையும் போட்டோ எடுத்து ஏஐ-யில் போட்டு, "இதில் என்ன எழுதியிருக்கிறது, தமிழில் சொல்" என்று கேட்டேன். கண்புரைக்கு இரண்டு வருஷக் காத்திருப்புக் காலம் உண்டு, அது முடியவில்லை என்று காரணம் சொல்கிறார்கள், ஆனால் உங்கள் பாலிசி இடைவெளி இல்லாமல் மூன்றாவது வருஷத்தில் இருக்கிறது, அவர்கள் கடைசியாகப் புதுப்பித்த தேதியிலிருந்து கணக்குப் போட்டிருப்பதுபோல் தெரிகிறது என்றது. அவ்வளவுதான் விஷயம். தேதியைத் தப்பாக எண்ணியிருக்கிறார்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால் இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கிற ஆம்புட்ஸ்மேன் அதிகாரியிடம் புகார் கொடுக்கலாம் என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரியும். அந்த ஒரு வரியைச் சேர்த்து இங்கிலீஷில் கடிதம் எழுதித் தந்தது. 19-ஆம் நாள் பணம் வந்தது.

அந்தக் கடிதத்தை எழுதியது மெஷின். ஒப்புக்கொள்கிறேன், கையெழுத்துப் போட்டும் தருகிறேன். அப்பாவைப் பற்றி எழுதியது நான். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாதா உங்களால்?

பேராசிரியர் ஒருத்தர் வந்து ரொம்பப் பொறுமையாக விளக்கினார். "நிப்பு செய்தவர் அல்ல என் அப்பா, பல பிள்ளைகளுக்கு எழுத்து செய்து கொடுத்தவர்" என்று நான் எழுதிய வரி இருக்கிறதே, அதுதான் தடயமாம். "இது அல்ல, அது" என்று எழுதுவது ஏஐ-யின் கைரேகையாம். ஐயா, நான் ஆறாம் வகுப்பிலிருந்து பேச்சுப் போட்டிக்குப் போனவள். "ஆசிரியர் என்பவர் பாடம் சொல்பவர் அல்ல, பாதை சொல்பவர்" என்று மைக் முன்னால் மூச்சுப் பிடித்துச் சொன்னால்தான் சோப்பு டப்பா பரிசு கிடைக்கும். இந்த ஊரில் எந்தப் பட்டிமன்ற மேடையில் ஏறினாலும், எந்தக் கட்சிக் கூட்டத்துக்குப் போனாலும் பத்து நிமிஷத்துக்குள் ஒரு "அல்ல" விழும், கைதட்டலும் விழும். அந்த மேடைத் தமிழை மெஷின் அள்ளிக்கொண்டு போய்விட்டது. திருடு போன வீட்டுக்காரியைப் பிடித்துக்கொண்டு போய் ஸ்டேஷனில் உட்கார வைப்பீர்களா?

"டிடெக்டரில் போட்டுப் பார்த்தேன், 78 சதவீதம் ஏஐ என்று வருகிறது" என்றவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். டிடெக்டர் என்றால், எழுதியது மெஷினா மனுஷனா என்று கணிக்கிற கருவி. என் அண்ணன் மகள் இன்ஜினியரிங் படிக்கிறாள். ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டின் முதல் ஆறு பக்கத்தை இதே மாதிரி ஒரு கருவியில் போட்டு, இது நீ எழுதியது இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். பிள்ளை மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அவள்தான் தேடித் தேடிப் படித்து எனக்குச் சொன்னாள். சாட்ஜிபிடியைச் செய்த ஓபன்ஏஐ கம்பெனியே 2023 ஜனவரியில் இப்படி ஒரு கண்டுபிடிப்பான் வெளியிட்டது. அவர்கள் சொன்ன கணக்குப்படியே, மெஷின் எழுதியதில் நூற்றுக்கு 26-ஐத்தான் அது பிடித்தது, மனுஷன் எழுதியதில் நூற்றுக்கு 9-ஐ மெஷின் என்றது. அதே வருஷம் ஜூலையில், துல்லியம் போதவில்லை என்று அவர்களே அதை மூடிவிட்டார்கள். பெற்ற தாய்க்கே பிள்ளையை அடையாளம் தெரியவில்லை. இன்னொன்றும் சொன்னாள். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆட்கள், இங்கிலீஷ் தாய்மொழியாக இல்லாதவர்கள் டோஃபல் என்கிற இங்கிலீஷ் பரீட்சையில் எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளில் போட்டுப் பார்த்தார்களாம். சராசரியாகப் பாதிக்கும் மேல் மெஷின் எழுதியது என்று வந்திருக்கிறது. அவர்களுக்குத் தெரிந்த சொற்கள் கொஞ்சம், வாக்கியம் எளிமை, அதனால் சந்தேகம். இங்கிலீஷுக்கே இந்தக் கதி. என் தமிழை எடைபோட அதை எடுத்துக்கொண்டு வருகிறீர்கள்!

இப்போது யாராவது, "சரி அக்கா, நீங்க எழுதலைன்னே வச்சுக்குவோம், அதுல என்ன தப்பு, ஏன் இவ்வளவு கோபம்?" என்று கேட்பீர்கள். ஏற்கனவே இன்பாக்ஸில் கேட்டுவிட்டார்கள். நான் எழுதலை என்று ஏன் வைத்துக்கொள்ள வேண்டும்? நான் எழுதினேன்.

ஆனால் கேட்டதற்காக யோசித்தேன். எனக்குப் பத்து வயசில் எங்கள் தெருவில் எழுதப் படிக்கத் தெரிந்த பொம்பளைப் பிள்ளை நான் ஒருத்திதான். பம்பாய்க்குப் போன புருஷனுக்கும் பட்டாளத்துக்குப் போன மகனுக்கும் இன்லேண்ட் லெட்டர் எழுத என்னைத்தான் கூப்பிடுவார்கள். "நலம், நலமறிய ஆவல்" என்று தொடங்கியாக வேண்டும், யாராக இருந்தாலும் அதுதான் தொடக்கம். ஒரு பெரியம்மா திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, "மழை இல்லைன்னு எழுது, ஆடு செத்துப்போச்சுன்னு எழுது, மத்ததை நீயே நல்லபடியா எழுதிரு தாயி" என்பார். மற்றதை நானே எழுதுவேன். "உங்கள் நினைவாகவே இருக்கிறேன்" என்று நானாகச் சேர்த்துக்கொள்வேன், அப்படி எழுதினால் பெரியம்மா வெட்கப்பட்டுச் சிரிப்பார் என்பதற்காகவே. பம்பாயில் அதைப் படித்தவர், "இது உன் சொந்த வார்த்தையா, எந்தச் சிறுமி எழுதியது?" என்று பதில் போடவில்லை. பணம் அனுப்பினார்.

கலெக்டர் ஆபீஸுக்குத் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் போய்ப் பாருங்கள். மனு எழுதிக் கொடுப்பவர்களைச் சுற்றி வரிசை நிற்கும். "மேற்படி விலாசத்தில் வசிக்கும் நான்" என்று அவர் எழுத, கீழே பாட்டி கைநாட்டு வைப்பார். அது பாட்டியின் மனு இல்லை என்று யாராவது சொல்லிவிட முடியுமா?

அது வேறு, இது வேறு என்பீர்கள். மனுஷன் மனுஷனுக்கு எழுதியது, கூலி கிடைத்தது, இது வேலையைப் பறிக்கிறது, எழுத்தாளர்களைக் கேட்காமல் அவர்கள் எழுத்தை எடுத்து மெஷினைப் பழக்கினார்கள், கரண்டைத் தின்கிறது. கேட்காமல் எடுத்தது தப்புதான், அதில் எனக்குச் சண்டையில்லை. கோர்ட்டுக்குப் போயிருக்கிறார்கள், ஜெயிக்கட்டும். அதற்கு எங்க அப்பா என்ன செய்வார்?

உள்ளதைச் சொல்கிறேன். பெரிதாகச் சிரித்த நாலு பேர் யாரென்று எனக்குத் தெரியும். அவர்கள் வீட்டில் இங்கிலீஷ் தெரிந்த சித்தப்பா ஒருத்தர் இருந்தார். வக்கீல் மாமா இருந்தார். அந்தச் சித்தப்பா எழுதிக் கொடுத்த லீவு லெட்டரில், அந்த மாமா திருத்திக் கொடுத்த விண்ணப்பத்தில்தான் ஏறி மேலே போனார்கள். அப்போதெல்லாம் அது உதவி. எங்கள் வீட்டில் சித்தப்பா இல்லை, இப்போதுதான் ஒரு போன் இருக்கிறது. உடனே மொழியின் தூய்மை பற்றிக் கவலை வந்துவிட்டது.

அதற்காக அந்த மெஷினுக்கு நான் ஆலவட்டம் வீசவில்லை. அது விடுகிற ரீலைக் கேட்டவள் நான். போன வருஷம் நினைவு நாளுக்குத் தந்தையைப் பற்றி ஒரு குறள் கேட்டேன். இரண்டு அடி சொல்லி, குறள் 71 என்று எண்ணும் போட்டுத் தந்தது. 71 என்றால் "அன்பிற்கும் உண்டோ அடைக்கும் தாழ்". இது சொன்ன இரண்டடி 1330-இல் எங்கும் இல்லை. தப்பு என்றேன். "நீங்கள் சொல்வது மிகவும் சரி, சுட்டிக்காட்டியதற்கு நன்றி" என்று குழைந்துவிட்டு இன்னொன்றைச் சொன்னது. அதுவும் இல்லாத குறள். கூச்சமே கிடையாது! நியூயார்க்கில் வக்கீல்களே இதை நம்பி, நடக்காத வழக்குகளின் தீர்ப்புகளைக் கோர்ட்டில் கொடுத்து 2023-இல் 5,000 டாலர் அபராதம் வாங்கினார்களாம். அதனால் தேதி, எண், சட்டம் எது சொன்னாலும் நான் வேறு இடத்தில் பார்க்காமல் நம்புவதில்லை. இன்சூரன்ஸ் கடிதத்தில்கூட அது போட்ட ஒரு விதி எண்ணை, பக்கத்துத் தெரு ஏஜெண்ட் அண்ணன் பார்த்துச் சிரித்தார், அடித்துவிட்டோம். அதன் தமிழ் இருக்கிறதே, எதைக் கேட்டாலும் "நிச்சயமாக!" என்று ஆரம்பிக்கும். நம் ஊரில் யார் ஐயா அப்படிப் பேசுகிறார்கள்?

இன்னொன்றும் இருக்கிறது. சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

அப்பா போன முதல் வருஷம், தூக்கம் வராத ஒரு ராத்திரியில் அதனிடம் அப்பாவைப் பற்றிப் பேசினேன். இரண்டு மணி நேரம். வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள், யாரை எழுப்புவது? 1966-இல் அமெரிக்காவில் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் வைசன்பாம் என்பவர் எலிசா என்று ஒரு பேசும் புரோகிராம் செய்தாராம். அவருடைய செக்ரட்டரி அம்மாவே அதனுடன் பேசத் தொடங்கியதும், "நீங்கள் கொஞ்சம் வெளியே இருங்கள்" என்று அவரை அறையை விட்டு அனுப்பிவிட்டாராம். அண்ணன் மகள் இதை ஜோக்காகச் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றைக்கு அது நன்றாகத்தான் பேசியது. "உங்கள் தந்தையின் உழைப்பு உங்கள் எழுத்தில் வாழ்கிறது" என்றது. அழுதேன். அப்புறம் காலையில் எடுத்துப் படித்தால், யாருடைய அப்பாவுக்கும் பொருந்துகிற வரி. பஸ் டிரைவர் மகளுக்கும் அதைத்தான் சொல்லியிருக்கும், பேங்க் மேனேஜர் மகனுக்கும் அதைத்தான் சொல்லியிருக்கும். ஆத்திரமாக வந்தது. நகக்கண் கறுப்பை, அவர் சாப்பிட உட்காரும் முன் மண்ணெண்ணெய் தொட்டு விரலைத் துடைப்பதை, அந்த நாற்றத்தோடேயே சோறு பிசைவதை அதற்குத் தெரியாதே. அதனால்தான் நானே எழுத உட்கார்ந்தேன். புரிகிறதா? அது எழுதிக் கொடுத்தது பிடிக்காமல் நான் எழுதியதைத்தான் அது எழுதியது என்கிறீர்கள்.

பதிவு போட்டு இரண்டு நாளில் 80-க்கு மேல் கமெண்ட். எழுதியது மெஷினா மனுஷியா என்றுதான் அத்தனை பேரும் பேசினார்கள். அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சாத்தூர் நிப்பு என்றால் என்ன என்று கேட்க ஒரு பிள்ளை இல்லை.

ஒரே ஒருத்தர் மட்டும் சண்டைக்கு வந்தார், என் அண்ணன். முகநூலில் இல்லை, நேற்று ராத்திரி போனில். "அப்பா பட்டறையை விட்டது 89னு போட்டிருக்க. யார் சொன்னா உனக்கு?" என்றார். நான் பத்தாவது பரீட்சை எழுதியது 1990. அதற்கு முந்தின நாள் அப்பா எனக்குப் பால்பாயிண்ட் பேனா வாங்கிக்கொண்டு வந்தார் என்று எழுதியிருந்தேன் அல்லவா, "நிப்பு பேனா கசிஞ்சா ஒன் மார்க்குல்ல போகும்" என்று சொல்லிக் கொடுத்தாரே, அது. அப்போது அவர் பட்டறையை விட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். அண்ணன் விடவில்லை. "91ல தான் நின்னார். அந்தப் பேனாவுக்கு முதலாளிகிட்ட முன்பணம் கேட்டு, வாரக் கூலியில கழிச்சாங்க. நான் கூட நின்னேன், எனக்குத் தெரியாதா?"

பதிவில் வருஷத்தைத் திருத்திவிட்டேன்.